மூளி அலங்காரியின் விறகு

நல்லதங்காள் கதை என்றதும் எல்லாருக்கும் கிணறுதான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது விறகு. பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவளை அண்ணிக்காரி மூளி அலங்காரி வெறுங்கையோடு விட்டுவிடவில்லை. பொங்கித் தின்னத் தானியம் கொடுத்தாள், மக்கிப்போன கேப்பை. பானை கொடுத்தாள், ஓட்டைப் பானை. அடுப்பெரிக்கவும் கொடுத்தாள், பச்சை வாழைமட்டை. நாளைக்குப் பஞ்சாயத்தில் நாலு பேர் கேட்டால், "நான் என்ன கொடுக்காமலா விட்டேன்?" என்று சொல்லக் கணக்கு வேண்டாமா? அடுப்பு எரியவில்லை என்றால் அது ஊதத் தெரியாதவளின் குற்றம். பிறகு அவள் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தது ஊரறிந்த கதை. இன்று வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. தடுக்க ஒருத்தரும் வரவில்லை, கும்பிட மட்டும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறோம்.

ஆட்டிசம் உள்ள சின்னப் பிள்ளையை வளர்க்கும் அப்பா அம்மாவுக்கு இந்த நாட்டில் ஆதரவே இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. நிறைய இருக்கிறது. சட்டம் இருக்கிறது, அட்டை இருக்கிறது, முகாம் இருக்கிறது, விழிப்புணர்வு நாள் இருக்கிறது, அறிவுரை சொல்ல ஆயிரம் வாய் இருக்கிறது. எல்லாம் கட்டுக்கட்டாக எங்கள் அடுப்படியில்தான் கிடக்கிறது. பற்றவைத்துப் பார்க்கிறவளுக்குத்தான் கண் எரிகிறது.

என் மகனுக்கு இப்போது ஆறு வயது. சில வருடங்களுக்கு முன், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் பக்கத்து அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு ஓடி வருவான் என்ற கட்டத்தில் குடும்பம் கூடியது. "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்." "உங்க மாமனாரே அஞ்சு வயசுலதான் பேசினாராம்." (பேச ஆரம்பித்தவர் இன்றுவரை நிறுத்தவில்லை என்பது வேறு விஷயம்.) தமிழ் படித்த பெரியப்பா ஒருவர் குமரகுருபரரைக் கொண்டுவந்தார். ஸ்ரீவைகுண்டத்துப் பிள்ளை, ஐந்து வயது வரை ஊமை, திருச்செந்தூர் சன்னிதியில் வாய் திறந்ததும் கந்தர் கலிவெண்பா. ஆக, என் மகன் 'தண்ணி' என்று சொல்லாததற்குக் கவலைப்படத் தேவையில்லை. நேராக வெண்பாவில் தொடங்குவான். இதற்கிடையில் கோயில் மணியில் ஊற்றிய தண்ணீர் கொடுத்தார்கள். பேர் சொல்லாததைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார்கள். அந்த வசம்பு வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் தலையில் அடித்துக்கொள்வது எந்த மாமியார் காதிலும் விழுவதில்லை. பிள்ளைக்குச் சீக்கிரம் பயிற்சி தொடங்க வேண்டிய வயது முழுக்க இப்படிப் புலவர் வரலாற்றில் கரைந்து போகும். எங்கள் வீட்டில் மட்டும் என்று நினைக்காதீர்கள். தெரபி சென்டர் வாசலில் நான் பேசிய அம்மாக்களில் பாதிப் பேர் வீட்டிலும் ஒரு குமரகுருபரர் இருக்கிறார்.

மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு காட்சி மாறும். நேற்றுவரை பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை என்றவர்கள் இன்றைக்கு அது யாரால் வந்தது என்று விசாரணைக் கமிஷன் அமைப்பார்கள். கமிஷன் உட்காரும் முன்பே குற்றவாளி யாரென்று எல்லாருக்கும் தெரியும். "மாசமா இருக்கும்போதும் ஆபீஸ் போனியே." "நீ அவன்கிட்டப் பேசினாத்தானே அவன் பேசுவான்?" "சோறு ஊட்ட போனக் குடுத்தியா இல்லையா, சொல்லு." "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கிடையாதும்மா." கடைசி வாசகத்தைச் சொல்லும்போது மாமியார் என் அப்பா வீடு இருக்கும் திசையைப் பார்ப்பார்.

இந்த ஞானம் நம்மூர்ச் சொத்து மட்டும் என்று பெருமைப்பட முடியாது. 1943இல் பால்டிமோரில் 11 பிள்ளைகளைக் கவனித்து ஆட்டிசத்தை விரிவாக எழுதிய மனநல மருத்துவர் லியோ கானரே, சில ஆண்டுகள் கழித்து, இந்தப் பிள்ளைகள் பனி உருகாத குளிர்பதனப் பெட்டியில் வைத்து வளர்க்கப்பட்டவர்கள் என்கிற மாதிரி எழுதினார். பழி அப்படியே அம்மாக்களின் தலையில் இறங்கியது. சிகாகோவில் புருனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் இன்னும் ஒரு படி மேலே போய், 1967இல் வந்த புத்தகத்தில், ஆட்டிசம் பிள்ளையின் நிலையை நாஜி வதைமுகாம் கைதியின் நிலையோடு ஒப்பிட்டார். அப்படியானால் காவலாளி யார் என்று தனியாக எழுத வேண்டியதில்லை. பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தானே ஓர் ஆட்டிசம் பையனின் தகப்பன், இது உடம்போடு பிறந்த மூளை வளர்ச்சி விஷயம், வளர்ப்பில் வந்ததில்லை என்று 1964லேயே சான்றுகளோடு எழுதிவிட்டார். 1969இல் பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு வந்த கானர், உங்களை விடுதலை செய்கிறேன் என்று மேடையிலேயே அறிவித்தார். அமெரிக்க அம்மா விடுதலையாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. தீர்ப்பின் நகல் இன்னும் என் நாத்தனார் வீட்டுக்கு வந்து சேரவில்லை.

வந்து சேர்ந்திருப்பது 'விர்ச்சுவல் ஆட்டிசம்'. எந்த நோயறிதல் கையேட்டிலும் இல்லாத இந்தப் பெயரை யூடியூபில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் சொல்வார், குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அது காலை வணக்கத்தோடு வந்து விழும். பிள்ளை கையில் போனைக் குறைப்பது நல்லது, எந்தப் பிள்ளைக்கும் நல்லது, அதில் தகராறில்லை. ஆனால் இந்த வீடியோவை எனக்கு அனுப்பிய மைத்துனர், தன் பையன் சாப்பிடுவதற்கு மோட்டு பட்லு போட்டுவிட்டுத்தான் அதை டைப் செய்தார். அவன் வீட்டில் போன் பொழுதுபோக்கு, என் வீட்டில் போன் குற்றப்பத்திரிகை.

அறிவுரைகளிலேயே மகுடம் இது: "சீக்கிரம் இன்னொண்ணு பெத்துக்கோ. உங்களுக்கப்புறம் இவனப் பாத்துக்க ஒரு ஆள் வேணும்ல." பிறக்காத பிள்ளைக்கு வேலை நியமன உத்தரவு கையில் தயார். சம்பளம் கிடையாது, ராஜினாமா செய்ய முடியாது. எங்களுக்கு அப்புறம் இவன் என்ன ஆவான் என்ற கேள்வி எங்களை ராத்திரியில் எழுப்பி உட்கார வைக்கிறது என்பது உண்மை. அதற்கு ஒரு நாடு சொல்ல வேண்டிய பதிலை என் கர்ப்பப்பையிடம் கேட்கிறார்கள்.

தெரபி சென்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் ஒரு வீட்டின் மாடி. படிக்கட்டுக்குக் கீழே செருப்புக் குவியல், மேலே பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஜிக்சா துண்டுகள் வரைந்த நீலப் போஸ்டர். மூடிய கதவுக்குள் ஒரு பிள்ளை அழும். வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, யாருடைய குரல் என்று காதைத் தீட்டுவார்கள். தன் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் ஒருத்தி மூச்சு விடுவாள். விட்டுவிட்டு, அது யாருடைய பிள்ளையோ அவளுடைய முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, பையைத் திறந்து இல்லாத எதையோ தேடுவாள். அந்த வரிசையில் வங்கி வேலையை விட்டவள் இருக்கிறாள், குரூப் டூ பாஸ் செய்துவிட்டுச் சேராதவள் இருக்கிறாள், கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்துப் பேருக்கு டீம் லீடராக இருந்தவள் இருக்கிறாள். இப்போது எல்லாருக்கும் ஒரே உத்தியோகம்.

ஸ்பீச் தனி, ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) தனி, ஸ்பெஷல் எஜுகேஷன் தனி. சென்னையில் ஓர் அமர்வு 500 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 1,000க்கும் மேலேயும் போகிறது. போர்டில் 45 நிமிடம் என்று இருக்கும். உள்ளே கூப்பிட்டு, செருப்பைக் கழற்றி, அழுகையை அமர்த்தி, கடைசியில் நோட்டில் எழுதிக் கொடுக்கும் நேரம் எல்லாம் அந்த 45க்குள் அடக்கம். மிச்சத்தை 'ஹோம் ப்ரோக்ராம்' என்று அம்மா தலையில் கட்டுவார்கள். மறுநாள், "என்ன மேடம், வீட்ல ஒண்ணுமே பண்ணலபோல?" நல்ல தெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். என் மகனை முதன்முதலில் சிரித்தபடி ஒரு பந்தைத் திருப்பி உருட்ட வைத்த பெண்ணுக்கு நான் ஆயுளுக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்யாதவர் ஸ்பீச் தெரபியோ ஸ்பெஷல் எஜுகேஷனோ செய்யக் கூடாது என்று 1992லேயே சட்டம் வந்த நாட்டில், பதிவு எண் என்ன என்று கேட்டால், "எங்க மேல நம்பிக்கை இல்லன்னா வேற எடம் பாத்துக்கங்க மேடம்" என்ற பதில் வருகிறது. பிளம்பரிடம்கூட நாம் இதைவிடத் தைரியமாகக் கேள்வி கேட்போம். வேறு இடம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

இந்தக் கடைகளுக்கு மேலே இன்னொரு பெரிய கடை இருக்கிறது, நம்பிக்கைக் கடை. அங்கே ஒட்டகப் பால் பவுடர் விற்கிறார்கள். முடியை வெட்டி அனுப்பினால் உடம்பில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று கலர் கலராக ரிப்போர்ட் தருகிறார்கள். அழுத்தமூட்டிய ஆக்சிஜன் அறைக்குள் பிள்ளையை அடைக்கிறார்கள். உச்சத்தில் ஸ்டெம்செல். லட்சக்கணக்கில் வாங்கிக்கொண்டு, வாய் பேசாத பிள்ளையின் உடம்பில் ஊசியை இறக்குகிறார்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைக் குழு 2022 டிசம்பரில் தெளிவாகவே சொல்லியது. அதற்குப் பிறகும் என் போனுக்கு விளம்பரம் வந்தது, 'குறைந்த இடங்களே உள்ளன' என்று. ஏமாறுகிற பெற்றோரைப் பார்த்து, "படிச்சவங்க, இதுகூடத் தெரியாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர்களுக்குத் தெரியும். நாளைக்கு எவராவது, "நீ எல்லாம் செஞ்சு பாத்தியா?" என்று கேட்கும்போது தலைகுனியாமல் பதில் சொல்லத்தான் நகையை வைக்கிறார்கள். அடகுக்கடைக்கு அவர்களை அனுப்பியது அறியாமை என்று எழுதாதீர்கள். அனுப்பியது நீங்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். வாசலிலேயே பெரிய எழுத்தில் 'அனைவரையும் உள்ளடக்கிய கல்வி' என்று இருக்கும். பிரின்சிபால் அறையில் ஏசி ஓடும்.

"எங்க ஸ்கூல் இன்க்ளூசிவ்தான் மேடம். நான் உங்க பையனோட நல்லதுக்குத்தான் சொல்றேன். இங்க நாப்பது பிள்ளைங்க, அவன் ரொம்பக் கஷ்டப்படுவான்."

"ஷேடோ டீச்சர் வைக்கலாமா மேடம்?"

"தாராளமா வைக்கலாம். சம்பளம் நீங்க குடுக்கணும். ஆனா மத்த பேரண்ட்ஸ் கம்ப்ளெய்ண்ட் பண்ணா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க வேணும்னா அடுத்த வருஷம் வாங்களேன்."

அந்த அடுத்த வருஷம் எந்தக் காலண்டரிலும் வருவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் இயற்றப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. முந்தைய 1995 சட்டத்தில் பெயரே இல்லாத ஆட்டிசம் இதில் இடம்பெற்றது. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு காட்டாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் 16ஆவது பிரிவு. மீறினால்? முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். அந்தப் பள்ளியின் வேன் கட்டணமே வருடத்துக்கு அதைவிட அதிகம். பிரின்சிபால் மேடம் சட்டத்தைப் படிக்காதவர் என்று சொல்ல மாட்டேன், கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்.

இனி அரசாங்கம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும், அது இருந்தால்தான் அடையாள அட்டை, அட்டை இருந்தால்தான் மற்றதெல்லாம். பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள் மருத்துவ போர்டு உட்காரும். காலையிலேயே டோக்கன். டியூப் லைட் ஒன்று விட்டுவிட்டு எரியும், மைக்கில் நம்பர் கூப்பிடுவார்கள், பினாயில் வாடை மூக்கை அடைக்கும். வெளிச்சமும் சத்தமும் வாடையும் தாங்காத பிள்ளைகள் என்று மருத்துவப் புத்தகம் வர்ணிக்கும் பிள்ளைகளை, மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைத்துக் காத்திருக்க வைப்பார்கள். ஓர் இடத்தில் உட்கார முடியாத பிள்ளை என்பதற்குச் சான்று வாங்க, அந்தப் பிள்ளை மதியம் வரை ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இதை வகுத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

உள்ளே போனால் இரண்டில் ஒன்று நடக்கும். பிள்ளை களைத்துப்போய் அமைதியாக இருந்தால், "நல்லாத்தானேம்மா இருக்கான்?" கத்தினால், "ஏம்மா, புடிச்சுக்க மாட்டியா?" இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோலில் 40 அம்சங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் பெற்றோரிடம் கேட்டு, பிள்ளையைக் கவனித்து மதிப்பெண் போட வேண்டும். நாற்பதும் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். பிறகு தற்காலிகம் என்று முத்திரை குத்திக் கொடுப்பார்கள். சில வருடம் கழித்து, ஆட்டிசம் இன்னும் இருக்கிறதா, மனம் மாறிப் போய்விட்டதா என்று காட்ட மறுபடி வர வேண்டும்.

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 2005இலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் பெரிய நிறுவனம் இருக்கிறது, நல்ல வேலை செய்கிறது. தேனியிலிருந்து பஸ்ஸில் இரவெல்லாம் வருகிற அம்மாவுக்கு அது இருக்கும் இடம் முட்டுக்காடு என்பதுதான் சிக்கல். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, ஆனால் தெரபிக்கு இவ்வளவுதான் என்று உள்ளே தனி வரம்பு. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் தருகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. மலிவான சென்டரில் நாலு அமர்வு.

சட்டத்தின் 24ஆவது பிரிவை மட்டும் நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். பராமரிப்பவருக்கான படி உட்பட எத்தனையோ திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்கிறது அது. எப்படி வகுக்க வேண்டும்? 'தன் பொருளாதாரத் திறனுக்கும் வளர்ச்சிக்கும் உட்பட்டு.' எவ்வளவு பண்பான வாசகம். லட்சக்கணக்கான கோடிகளில் பட்ஜெட் போடும் அரசுக்குத் தன் சக்திக்கு மேல் செய்ய வேண்டாம் என்று நாடாளுமன்றமே கருணை காட்டியிருக்கிறது. அம்மாவுக்கு எந்தச் சட்டத்திலும் அப்படியொரு வரி கிடையாது. அவள் தன் பொருளாதாரத் திறனுக்கும், தூக்கத்துக்கும், முதுகெலும்புக்கும் உட்படாமல் செய்ய வேண்டும். முடியவில்லை என்றால், "நீங்களே இப்படிச் சொன்னா எப்படிம்மா?"

அப்பாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடிப்போனவர்கள் இருக்கிறார்கள், ஓவர்டைம் என்ற பெயரில் வீட்டுக்கு வராமலே ஓடிப்போனவர்களும் இருக்கிறார்கள். பகலில் வேலை பார்த்துவிட்டு ராத்திரி மூன்று மணிக்குத் தூங்காத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டைமாடியில் நடக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர் அலுவலகத்தில் இதைப் பற்றி வாயே திறக்க முடியாது. ஆம்பளை அழக் கூடாது என்ற விதிக்கு ஆட்டிசம் விலக்கு தரவில்லை.

பண்டிகைக்கு வருவோம். ஐ.நா. பொதுச்சபை 2007இல் தீர்மானம் போட்டு, 2008இலிருந்து ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். உலகமெங்கும் கட்டடங்களுக்கு நீல விளக்கு போடுவார்கள். நம்மூரில் மண்டபம் பிடிப்பார்கள். நான் போன விழாவில் வாசலிலேயே செண்டை மேளம். மேடைக்கு இரண்டு பக்கமும் ஆளுயர ஸ்பீக்கர். பத்து மணி நிகழ்ச்சிக்குச் சிறப்பு விருந்தினர் பன்னிரண்டு தாண்டி வந்தார். அவர் வந்ததும் காகிதத் துண்டுகளை வாரி இறைக்கும் துப்பாக்கியை டமார் என்று வெடித்தார்கள். முன்வரிசையில் நீலச் சட்டை போட்டு உட்கார வைத்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நொடியில் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒருவன் நாற்காலிக்கு அடியில் போய்விட்டான். போட்டோகிராபர், "அந்தப் பையன கொஞ்சம் வெளிய எடுங்க, ஃப்ரேம்ல வரல" என்றார். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "இந்தத் தாய்மார்கள் எல்லாம் நடமாடும் தெய்வங்கள்! ஆண்டவன் தாங்கக்கூடியவங்களுக்குத்தான் இப்படிப்பட்ட சிறப்புக் குழந்தையைக் கொடுப்பான்!" என்று முழங்கினார். கைதட்டல். ஆளுக்கொரு பொன்னாடை. அந்த ஜரிகை கழுத்தில் குத்தி, பக்கத்துப் பெண்ணின் மகன் அதைப் பிடுங்கித் தரையில் போட்டான். அன்றைய விழாவில் பேசப்பட்டதிலேயே உருப்படியான கருத்து அதுதான்.

தெய்வம் என்று சொல்வதில் இருக்கிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். தெய்வத்துக்குத் தூக்கம் வேண்டாம், விடுப்பு வேண்டாம், பி.எஃப். வேண்டாம், ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம். தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது. தெய்வம் எரிச்சலில் பிள்ளையை ஒரு அடி அடித்துவிட்டுக் கழிவறைக்குள் போய் அழாது. மனுஷி என்று ஒத்துக்கொண்டால் செலவு வரும். பொன்னாடை மொத்த விலையில் எழுபது ரூபாய்க்குக் கிடைக்கிறது.

உடம்பு பொய் சொல்லாது. விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளைகளின் தாய்மார்களுக்குக் கார்டிசால் என்ற சுரப்பு நாள் முழுவதும் இயல்பைவிடக் குறைந்து கிடந்தது. ஓயாத நெருக்கடியில் வருடக்கணக்கில் இருந்து தேய்ந்துபோன உடம்பின் அடையாளம் அது. போர்முனைச் சிப்பாய்களிடம் இதே போக்கு உண்டு என்று ஒப்பிட்டார்கள். சிப்பாய்க்குக் கேன்டீன் அட்டையும் ஓய்வூதியமும் உண்டு என்ற வித்தியாசத்தை அவர்கள் எழுதவில்லை.

பிறகு ஒரு நாள் பத்திரிகையில் இரண்டு அங்குலச் செய்தி வரும். நீங்களும் படித்திருப்பீர்கள். மனம் உடைந்த பெற்றோர், பிள்ளையின் உயிரையும் எடுத்துத் தங்கள் உயிரையும் எடுத்துக்கொண்டார்கள் என்று. கீழே பின்னூட்டம்போல எல்லார் வாயிலும் ஒரே வாசகம்: "பாவம், அந்தப் பிள்ளைக்கும் விடுதலை கிடைச்சுது." இதைக் கேட்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. எதிலிருந்து விடுதலை? அந்தப் பிள்ளைக்கு மின்விசிறி சுற்றுவதைப் பார்ப்பதில் சந்தோஷம் இருந்திருக்கும். தயிர்சாதம் பிடித்திருக்கும், அதை யாரும் தொடாத தட்டில் போட்டால். அது உயிரோடு இருக்கத்தான் விரும்பியது. அதைக் கொன்றது ஆட்டிசம் என்று எழுதுகிறீர்கள். கொலையைப் பரிவு என்று எழுதினால், அட்மிஷன் தராத பள்ளியும், காலி செய்யச் சொன்ன வீட்டுக்காரரும், "கல்யாணத்துக்குக் கூட்டிட்டு வராதீங்க, அவனுக்குத்தான் கஷ்டம்" என்ற சித்தப்பாவும், டோக்கன் தீர்ந்துவிட்டது என்ற குமாஸ்தாவும் அந்த இரண்டு அங்குலத்துக்குள் வராமல் தப்பித்துக்கொள்ளலாம். அதற்குத்தானே அந்தப் பரிவு?

இத்தனைக்கும் பெரிய ராக்கெட் விட வேண்டியதில்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள், 2016இல் லான்செட் குழும இதழில் வந்தது. நிபுணர்கள் இல்லை. பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோரோடு உட்கார்ந்து, அவர்கள் பிள்ளையோடு விளையாடும் வீடியோவைப் போட்டுக் காட்டி, இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான் பாருங்கள், இங்கே கொஞ்சம் காத்திருங்கள் என்று சொல்லிக் கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்கைப் பிடித்துக்கொண்டார்கள், பிள்ளைகள் தாமாகப் பேச்சுக்கு வருவது கூடியது. தெருவுக்குத் தெரு அங்கன்வாடி வைத்திருக்கும் மாநிலத்தால் இதைச் செய்ய முடியாதா? அங்கன்வாடி ஊழியருக்கு அதற்கான நேரமும் சம்பளமும் கொடுத்தால் முடியும். கொடுக்காமல் இன்னொரு பதிவேட்டைத் தலையில் கட்டினால், அதுவும் வாழைமட்டைதான்.

எனக்குக் கிடைத்த ஆதரவை இரண்டே கணக்கில் எழுதலாம். ஒன்று, அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப். ராத்திரி இரண்டு மணிக்கு 'தூங்கல' என்று ஒரு வார்த்தை போட்டால் ஐந்து நிமிடத்தில் நாலு பேர் 'இங்கேயும்' என்பார்கள். யாரும் யாரையும் தெய்வம் என்று கூப்பிட்டதில்லை, கெட்ட வார்த்தை உண்டு. இன்னொன்று, எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர். சாயங்காலம் என் மகன் போய் நின்றால் வண்டியின் மறுபக்கம், பெட்டி எட்டாத இடத்தில், மடித்த சட்டைகளை அடுக்கவிடுவார். நிறவாரியாக அடுக்குவான். "நீங்க போய் காய் வாங்கிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன்." அவருக்கு ஆட்டிசம் என்ற வார்த்தை தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

வருகிற ஏப்ரல் 2க்கு என்னைக் கூப்பிட நினைப்பவர்களுக்கு: கண்டிப்பாக வருகிறேன். மேளம் வேண்டாம், வெடி வேண்டாம், பொன்னாடை வேண்டவே வேண்டாம். பத்து மணி என்றால் பத்து மணி. பக்கத்தில் சத்தமில்லாத ஓர் அறையும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற நாலு பேரும் இருக்கட்டும். எனக்கு ஐந்து நிமிடம் போதும். மீதி நேரம் முழுக்க மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் பேச வேண்டும். சான்றிதழ் கேட்டு எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை நிலுவை, சேர்க்க மறுத்ததாக எத்தனை பள்ளிகள் மீது புகார், எத்தனை பள்ளிகளுக்கு அபராதம், எவ்வளவு வசூல். பிரின்சிபால்களுக்கு முன்வரிசை. டியூப் லைட் ஒன்று விட்டுவிட்டு எரிந்தால் பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும். சிறப்பு விருந்தினர் கடைசிப் புள்ளிவிவரம் வரைக்கும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அசையாமல்.